நாச்செஸ் துறை: மாளிகைகளும் தோட்டங்களும்

அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றில் நியூ ஆர்லியன்ஸுக்கும் மெம்ஃபிஸுக்கும் இடையே ஓடும் சுற்றுலாக் கப்பல்கள் வழக்கமாக நிற்கும் ஊர்களில் ஒன்று நாச்செஸ். மிசிசிப்பி மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் இருக்கும் இந்தச் சிற்றூரில் 2020 கணக்கெடுப்பின்படி சுமார் 14,500 பேர் வாழ்கிறார்கள். கப்பல் காலையில் வந்து பெரும்பாலும் மாலையில் புறப்பட்டுவிடும். அந்த ஒரு பகலில் பயணிகள் பார்க்க விரும்புவது, பருத்திப் பணத்தில் எழுந்த பழைய மாளிகைகளையும் அவற்றைச் சூழ்ந்த தோட்டங்களையும். கட்டியவர்களின் கதையும் சேர்ந்தால்தான் ஒரு வீட்டின் கதை முழுமை பெறும். அந்த இரண்டையும் ஒரே நாளில் பார்க்க வாய்ப்புத் தரும் ஊர் இது.

ஆற்றிலிருந்து பார்க்கும்போது முதலில் தெரிவது செங்குத்தான ஒரு மேடு. நீர்மட்டத்திலிருந்து சுமார் 200 அடி உயரம். ஊர் மேட்டின் மேல் இருக்கிறது. கப்பல் நிற்பது அடிவாரத்தில். இரண்டையும் இணைப்பது சரிவாக ஏறும் சில்வர் தெரு. கரையில் நீர்மட்டம் ஒரே ஆண்டுக்குள் பல பத்தடி ஏறி இறங்கும். 2011 மே மாத வெள்ளத்தில் நாச்செஸ் அளவுகோல் ஏறத்தாழ 62 அடியைத் தொட்டது. அங்கே பதிவானவற்றில் அதுவே உச்சம். 2022 இலையுதிர்காலத்தில் நேர்மாறாக ஆறு வற்றி, கப்பல் பயணங்கள் பல தடைபட்டன. எந்த ஊரில் எப்போது நிற்பது என்பதை இந்தத் துறைகளில் இன்றும் ஆறுதான் தீர்மானிக்கிறது.

அடிவாரப் பகுதிக்கு 'மேட்டடி நாச்செஸ்' என்று பொருள்படும் பெயர் வழங்குகிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சரக்குப் படகுக்காரர்களும் சாராயக் கடைகளும் சூதாட்ட விடுதிகளுமாக நெரிசல் மிகுந்திருந்த இடம் இது. 1840 மே 7 அன்று வீசிய சுழற்காற்றில் 300-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆற்றில் படகுகளில் இருந்தவர்கள். பிற்காலத்தில் ஆறு கரையை அரித்துக்கொண்டே வந்து பல தெருக்களை விழுங்கியது. இன்று எஞ்சியிருப்பது ஒரு தெருவும் சில கட்டடங்களும் மட்டுமே.

மேட்டின் மண் தனித்தன்மை கொண்டது. பனியூழிக் காலத்தின் முடிவில் ஆற்றுச் சமவெளியிலிருந்து காற்று அள்ளிவந்து படியவைத்த நுண்ணிய வண்டல் அது. லோயஸ் என்று நிலவியலாளர் அழைக்கும் இந்த மண், வெட்டினால் சுவர்போல நேராக நிற்கும். நீர் ஊறினால் திடீரெனச் சரியும். நெடுங்காலம் மனிதரும் மாடும் வண்டியும் நடந்த பழைய பாதைகள் இதில் ஆள் உயரத்துக்கு மேல் பள்ளமாகப் பதிந்து கிடக்கின்றன. மண் வளமானது, மேட்டில் வெள்ள பயமும் இல்லை. அதனால் வீடும் தோட்டமும் மேட்டில் அமைந்தன. பருத்தி வயல்களில் பெரும்பகுதி ஆற்றுக்கு எதிர்க்கரையில், லூசியானாவின் தாழ்ந்த சமவெளியில் விரிந்தது.

ஊரின் வரலாறு மாளிகைகளுக்கு மிக முந்தியது. நாச்செஸ் என்பது இங்கே வாழ்ந்த பூர்வகுடி மக்களின் பெயர். மண்மேடுகள் எழுப்பி, அவற்றின் மேல் தலைவரின் இல்லத்தையும் கோயிலையும் அமைத்தவர்கள் அவர்கள். பிரெஞ்சுக்காரர்கள் 1716-இல் ரோசலி கோட்டையைக் கட்டினார்கள். நிலப்பறிப்புக்கு எதிராக 1729-இல் நாச்செஸ் மக்கள் திரண்டெழுந்து 200-க்கும் மேற்பட்ட பிரெஞ்சுக்காரர்களைக் கொன்றனர். பதிலடியில் அந்தச் சமூகமே சிதைந்தது. பிடிபட்டவர்களில் பலர் கரிபியனில் இருந்த பிரெஞ்சுக் குடியேற்றத்துக்கு அடிமைகளாக அனுப்பப்பட்டனர். பிறகு ஊர் 1763-இல் பிரிட்டன் கைக்கும், 1779-இல் ஸ்பெயின் கைக்கும், 1798-இல் அமெரிக்கா கைக்கும் மாறியது. பூர்வகுடிகளின் தலைமைக் கிராமம் இன்று பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடமாக இருக்கிறது. மூன்று மண்மேடுகளை அங்கே காணலாம்.

19ஆம் நூற்றாண்டில் மூன்று காரணங்கள் சேர்ந்து நாச்செஸைச் செல்வச் செழிப்பின் உச்சிக்கு ஏற்றின. 1793-இல் வந்த பருத்தி அரவை இயந்திரம் பஞ்சையும் விதையையும் பிரிக்கும் வேலையை விரைவாக்கியது. 1811-இல் பிட்ஸ்பர்க்கிலிருந்து புறப்பட்ட 'நியூ ஆர்லியன்ஸ்' என்ற கப்பல் இந்த ஆற்றில் நீராவிப் போக்குவரத்தைத் தொடங்கிவைத்தது. அதன்பின் பருத்திப் பொதிகளை நியூ ஆர்லியன்ஸ் வழியாக லிவர்பூல்வரை அனுப்புவது எளிதாயிற்று. மூன்றாவது காரணம் அடிமை உழைப்பு. வர்ஜீனியா, மேரிலாந்து பகுதிகளில் புகையிலைச் சாகுபடி நலிந்தபோது, அங்கிருந்த கறுப்பின மக்களைத் தெற்கே கொண்டுவந்து விற்பது பெரும் வணிகமானது. நாச்செஸில் வாழ்ந்த பண்ணையாளர்கள் தங்கள் வயல்களை மேற்பார்வையாளர்களிடம் ஒப்படைத்துவிட்டு ஊரின் ஓரங்களில் விருந்து மாளிகைகளைக் கட்டினார்கள். பயணிகள் இன்று காணும் பெரிய வீடுகளில் பல இப்படி ஊரைச் சுற்றி எழுந்தவை. வயல் நடுவே நின்ற பண்ணை வீடுகள் இவற்றில் குறைவு.

இந்தப் பருத்திக்குத் தமிழகத்தோடும் நேரடித் தொடர்பு உண்டு. மிசிசிப்பிப் பருத்தியின் தரத்தை இந்தியாவிலும் எட்ட விரும்பிய கிழக்கிந்தியக் கம்பெனி, சென்னை ராணுவத்தைச் சேர்ந்த கேப்டன் பேல்ஸ் என்பவரை அமெரிக்காவுக்கு அனுப்பியது. அவர் திரட்டிய பத்து அமெரிக்கப் பருத்திப் பண்ணையாளர்கள் 1840-இல் இந்தியா வந்தார்கள். அவர்களில் சிலர் சென்னை மாகாணத்துக்கு வந்து திருநெல்வேலி, கோயம்புத்தூர் பகுதிகளில் பணியாற்றினர். கோவையின் அமெரிக்கப் பருத்திச் சோதனைப் பண்ணைகளைத் தாவரவியலாளர் ராபர்ட் வைட் 1842 முதல் 1853 வரை நடத்தினார். மிசிசிப்பிக் கரையில் விளைந்த பருத்தியின் உறவினங்கள் இப்படித்தான் கோவையின் கரிசல் மண்ணைத் தொட்டன.

மாளிகைகளில் காலத்தால் முந்தியவற்றுள் ஒன்று ஆபர்ன். கட்டடக் கலைஞர் லீவை வீக்ஸ் 1812-இல் எழுப்பிய இந்த வீட்டின் சுழல் மாடிப்படி, இடையில் தாங்கு தூண் எதுவும் இன்றி மேலேறிச் செல்வது. ஆற்றைப் பார்த்து நிற்கும் ரோசலி 1823-இல் கட்டப்பட்டது. உள்நாட்டுப் போரில் 1863-இல் வடக்குப் படையின் தலைமையிடமானது. 1856-இல் முடிந்த டன்லீத் நாற்புறமும் தூண்கள் சூழ நிற்கிறது. அயர்லாந்திலிருந்து வந்த பருத்தி வணிகர் ஃபிரெடெரிக் ஸ்டான்டன் 1857-இல் கட்டி முடித்த ஸ்டான்டன் ஹால் ஒரு தெருச்சதுக்கம் முழுவதையும் அடைத்திருக்கிறது. குடியேறிய சிறிது காலத்திலேயே, 1859-இல், அவர் இறந்துவிட்டார். பல வீடுகளின் அமைப்பு ஒன்றுபோலவே இருக்கும். முன்வாசலிலிருந்து பின்வாசல்வரை நேராக ஓடும் அகன்ற கூடம், நம் ஊர்ப் பழைய வீடுகளில் வாசலிலிருந்து கொல்லை தெரிவதுபோல, காற்றை உள்ளே இழுத்து வெளியே அனுப்பும். உயர்ந்த கூரை வெப்பத்தை மேலே நிறுத்தும். கதவுகளை அருகில் போய்ப் பார்த்தால் இன்னொரு நுட்பம் தெரியும்: உள்ளூர் சைப்ரஸ் மரத்தின் மேல் ஓக் மரத்தின் ரேகைகளைத் தூரிகையால் தீட்டியிருப்பார்கள், சுவரடிப் பலகைகளைச் சலவைக்கல்போல வண்ணம் பூசியிருப்பார்கள்.

மெல்ரோஸ் மாளிகையை 1840களில் வழக்கறிஞர் ஜான் மக்மரன் கட்டினார். இதன் சாப்பாட்டு அறையில் மேசைக்கு நேர் மேலே மஹோகனி மரத்தில் செதுக்கிய பெரிய பங்கா ஒன்று தொங்குகிறது. இந்தியாவில் துரைகளின் வீடுகளில் ஆடிய பங்காவின் இனமே இது. அடிமை முறை நிலவிய தெற்கு மாநிலங்களிலும் பெரிய வீடுகளில் இடம்பிடித்தது. விருந்தினர் உண்ணும் நேரமெல்லாம் அறையின் ஓரத்தில் நின்று கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தது ஓர் அடிமைச் சிறுவன். மேசையில் பரப்பிய தட்டுகளையும் மேலே மெருகேற்றிய மரத்தையும் பார்க்கும் பயணியின் கண் அந்தக் கயிற்றைத் தொடர்ந்து போனால், அறையின் பொருள் மாறிவிடும். வீட்டின் பின்புறம் இரண்டு மாடிச் செங்கல் கட்டடங்கள் எதிரெதிராக நிற்கின்றன. ஒன்று சமையற்கட்டு, மற்றொன்று பால் அறை. வீட்டு வேலை செய்த அடிமைகள் அவற்றின் மாடியில் தங்கினார்கள்.

நாச்செஸின் மிக விசித்திரமான வீடு லாங்வுட். பருத்திப் பண்ணையாளர் ஹாலர் நட், பிலடெல்பியா கட்டடக் கலைஞர் சாமுவேல் ஸ்லோனைக் கொண்டு 1860-இல் இதைத் தொடங்கினார். எண்கோண வடிவம், வெங்காய வடிவக் குவிமாடம், 32 அறைகள் என்பது திட்டம். 1861-இல் உள்நாட்டுப் போர் மூண்டதும் வடக்கிலிருந்து வந்த கைவினைஞர்கள் வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பினர். வெளிச்சுவர் முடிந்திருந்தது, உள்ளே அடித்தளத்தின் ஒன்பது அறைகள் மட்டும் வீட்டு அடிமைகளின் உழைப்பில் குடியிருக்கத் தக்கவையாயின. 1864-இல் நட் நிமோனியாவால் இறந்தார். மனைவி ஜூலியாவும் பிள்ளைகளும் அந்த அடித்தளத்திலேயே வாழ்ந்தார்கள். படியேறி மேல்தளத்துக்குப் போகிறவர் பூச்சற்ற செங்கல்லையும் திறந்து கிடக்கும் உத்தரங்களையும் கூரை உச்சிவரை அண்ணாந்து பார்க்கலாம். ஒரு மாளிகை எப்படிக் கட்டப்படுகிறது என்பதை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் வீடு அரிது.

தோட்டங்கள் வசந்தத்தில் உச்சத்தை எட்டும். குளிர்காலத்திலேயே பூக்கத் தொடங்கும் கமீலியா, மார்ச் மாதத்தில் புதரையே மறைத்துப் பூக்கும் அசேலியா, ஊதாக் கொத்தாகத் தொங்கும் விஸ்டீரியா ஆகியவை முதல் வரிசை. கோடையில் மக்னோலியாவின் பெரிய வெண்மலர்களும் கிரேப் மிர்ட்டிலும் வரும். கமீலியாவும் கிரேப் மிர்ட்டிலும் ஆசியாவிலிருந்து கடல் கடந்து வந்தவை. மக்னோலியாவும் லைவ் ஓக்கும் மண்ணின் மரங்கள். லைவ் ஓக் ஆண்டு முழுவதும் பசுமையாக இருக்கும். உயரத்தைவிட அகலமாகக் கிளை பரப்பும். அந்தக் கிளைகளில் சாம்பல் நிறச் சடையாகத் தொங்குவது ஸ்பானிஷ் பாசி. பெயரில் பாசி இருந்தாலும் அது அன்னாசிக் குடும்பத்துப் பூக்கும் தாவரம். மரத்தின் சாற்றை அது உறிஞ்சுவதில்லை; காற்றின் ஈரத்திலும் மழையிலும் வாழ்கிறது.

வீடுகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் வழக்கம் பிறந்தது தோட்டத்தில் நேர்ந்த ஒரு இழப்பினால் என்று ஊரில் சொல்வார்கள். 1931-இல் மாநிலத் தோட்டச் சங்கங்களின் கூட்டம் நாச்செஸில் நடந்தபோது, காலம் தவறி வந்த உறைபனியில் பூக்கள் கருகிவிட்டன. காட்டத் தோட்டம் இல்லாததால் வீடுகளைத் திறந்தார்கள். வந்தவர்களின் ஆர்வத்தைக் கண்டு, கேத்தரின் கிராஃப்டன் மில்லர் முன்னின்று 1932-இல் 'யாத்திரை' என்ற பெயரில் வசந்தகால வீட்டுச் சுற்றுலாவைத் தொடங்கினார். பெருமந்தக் காலத்தில் இடிந்துகொண்டிருந்த வீடுகளுக்குக் கூரை போடவும் வண்ணம் பூசவும் அந்த நுழைவுக் கட்டணம் உதவியது. பின்னர் உள்ளூர்த் தோட்டச் சங்கம் இரண்டாகப் பிரிந்தது; இரண்டும் சில வீடுகளைத் தம் பொறுப்பில் ஏற்றுப் பாதுகாத்தன. ஸ்டான்டன் ஹாலும் லாங்வுட்டும் இப்படித்தான் நிலைத்தன. பெண்களின் தன்னார்வ உழைப்பு ஓர் ஊரின் கட்டடங்களைக் காப்பாற்றியதற்கு நாச்செஸ் சிறந்த சான்று.

ஆனால் அந்தச் சுற்றுலா பல பத்தாண்டுகள் ஒரு பக்கத்தையே சொல்லிவந்தது. வளையப் பாவாடை அணிந்த பெண்கள் வாசலில் வரவேற்றார்கள். மாலை நாடகங்கள் பழைய தெற்கைக் கனவுலகமாகக் காட்டின. செங்கல்லைச் சுட்டவர்கள், சமைத்தவர்கள், தோட்டத்தைக் கொத்தியவர்கள் யார் என்பது பேச்சில் வரவில்லை. விடுபட்ட அந்தப் பகுதி ஊர் மையத்திலிருந்து ஏறத்தாழ ஒரு மைல் தொலைவில் இருக்கிறது. சாலைகள் கூடும் அந்த முனையின் பெயர் 'ஃபோர்க்ஸ் ஆஃப் தி ரோடு'. நியூ ஆர்லியன்ஸுக்கு அடுத்தபடியாக ஆழ்தெற்கின் மிகப் பெரிய அடிமைச் சந்தை இங்கேதான் 1833 முதல் 1863 வரை நடந்தது. ஐசக் ஃபிராங்க்ளினும் ஜான் ஆர்ம்ஃபீல்டும் நடத்திய நிறுவனம் இதில் முன்னணியில் இருந்தது. இங்கே ஏலம் இல்லை. வரிசையாக நிறுத்திவைத்த மனிதர்களை வாங்குபவர் உடலைச் சோதித்து, கேள்வி கேட்டு, தனியாக விலை பேசி அழைத்துப்போவார். சங்கிலியில் பிணைத்து நூற்றுக்கணக்கான மைல் நடத்திக் கொண்டுவரப்பட்டவர்கள் பலர். இன்று அங்கே கட்டடம் எதுவும் இல்லை. சிமென்டில் பதித்த விலங்குகளும் விளக்கப் பலகைகளும் புல்வெளியும் மட்டுமே உள்ளன. உள்ளூர் ஆர்வலர்களின் நீண்ட முயற்சிக்குப் பின் 2021-இல் இந்த இடம் தேசியப் பூங்காத் துறையின் பொறுப்புக்கு வந்தது.

அதே துறை 1988-இல் அமைக்கப்பட்ட நாச்செஸ் தேசிய வரலாற்றுப் பூங்காவின் பகுதிகளாக மெல்ரோஸையும் வில்லியம் ஜான்சன் இல்லத்தையும் நிர்வகிக்கிறது. ஜான்சன் அடிமையாகப் பிறந்து 1820-இல் விடுதலை பெற்றவர். ஊரின் பேர்பெற்ற நாவிதர். 1840 சுழற்காற்றில் இடிந்த கட்டடங்களின் செங்கற்களையும் பயன்படுத்தித் தன் வீட்டைக் கட்டினார். 1835 முதல் 1851 வரை அவர் எழுதிய நாட்குறிப்பில் கடன், குதிரைப் பந்தயம், வியாபாரம், தெருச் சண்டை என ஊரின் அன்றாடம் முழுவதும் பதிவாகியிருக்கிறது. அவரும் அடிமைகளை வைத்திருந்தார் என்பதையும் அந்த இல்லம் மறைக்காமல் சொல்கிறது. 1851-இல் நிலத்தகராறில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். சாட்சிகள் கறுப்பினத்தவர். குற்றம் சாட்டப்பட்டவரோ தான் வெள்ளையர் என்று வாதிட்டார்; வெள்ளையருக்கு எதிராகக் கறுப்பினத்தவரின் சாட்சியம் செல்லாது என்பதால் அவர் தப்பினார்.

ஒரு பகல் மட்டுமே கரையில் கழிக்கும் பயணி எல்லா வீடுகளையும் பார்க்க முடியாது. பார்க்கத் தேவையும் இல்லை. மெல்ரோஸில் மாளிகையையும் பின்கட்டையும் சேர்த்துப் பார்த்து, லாங்வுட்டின் முடிவுறாத தளங்களில் நடந்து, ஃபோர்க்ஸ் ஆஃப் தி ரோடில் சிறிது நேரம் நின்று, ஜான்சன் இல்லத்தில் முடித்தால் ஊரின் வரலாறு ஒழுங்காகப் புரியும். தோட்டங்களுக்கு மார்ச்சும் ஏப்ரலும் ஏற்ற காலம். வசந்தகால யாத்திரையும் அப்போதுதான் நடக்கிறது, பல தனியார் வீடுகளும் திறக்கும். மாளிகைகளின் அழகு உண்மையானது. அந்த அழகுக்கு உழைத்தவர்களின் பெயரும் வாழ்வும் அதே சுற்றுலாவில் இடம்பெறத் தொடங்கியிருப்பது நாச்செஸ் எடுத்த மிகச் சரியான முடிவு; பழைய வீடுகளைக் காட்டும் எந்த ஊரும் பின்பற்றத் தக்கது.