கண்ணாடிக்குள் ஒரு மூச்சு

கடலைக் காணாத ஊர் நம்முடையது. நாமக்கல் சமவெளியில் ஆழம் என்றால் கிணறுதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் கிணறு நிறைந்துவிட்டால், பிள்ளைகளுக்கு அதுவே பெருநாள்.

நம் வாலிபப் பருவத்தில் ஒரு நாள், கயிறு அறுந்து அம்மாவின் பித்தளைக் குடம் கிணற்றில் விழுந்துவிட்டது. அது அம்மாவின் கலியாணச் சீர். பாதாளக் கரண்டி போட்டுத் துழாவியும் சிக்கவில்லை. நாலாள் ஆழத் தண்ணீர். சேலம் கடைவீதியில் வாங்கிய நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாம் இறங்கினோம். இரண்டாள் ஆழம் கடந்ததும் கண்களை யாரோ வெளியே உறிஞ்சி இழுப்பது போலிருந்தது. படிக்கட்டில் நின்ற மச்சான்மார்களின் முன்னே வெறுங்கையோடு ஏற மனம் வரவில்லை. குடத்தோடுதான் ஏறினோம். கண்ணாடியைக் கழற்றியதும் அம்மா அலறிவிட்டார்கள். கண்ணில் வெண்மையே இல்லை. எல்லாம் இரத்தச் சிவப்பு.

பார்வை போய்விட்டதோ என்று வீடே கலங்கியது. மருத்துவர் பரிசோதித்து, வெண்விழியின் மேல்தோலுக்கடியில் இரத்தம் கசிந்திருக்கிறது, பார்வைக்குப் பழுதில்லை என்றார். சிவப்பு மறைய இரண்டு வாரங்களாயின. ஏன் அப்படி ஆயிற்று என்பது மட்டும் அப்போது விளங்கவில்லை.

பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு திருமணத்திற்காகக் கீழக்கரை சென்றிருந்தோம். மன்னார் வளைகுடாவில் தலைமுறை தலைமுறையாகச் சங்கு குளித்தவர்களின் ஊர் அது. அங்கே மூத்த சங்குக் குளியாளி ஒருவரிடம் நம் கதையைச் சொன்னோம்.

"தம்பி, நீங்கள் போட்டது மூக்கை மூடாத கண்ணாடி. அதற்குள் காற்று விட வழியேது?" என்று சிரித்தார் காக்கா.

அவர் விளக்கியது இதுதான். நீரில் ஏறத்தாழ 33 அடி இறங்கினால் அழுத்தம் கரையில் உள்ளதைப்போல் இரு மடங்காகும். அடைபட்ட காற்று பாதியாகச் சுருங்கும். காற்று சுருங்கினாலும் கண்ணாடி சுருங்காது. அந்தக் குறையை ஈடுசெய்யக் கண்ணின் மெல்லிய இரத்தக் குழாய்கள் இழுபட்டு வெடிக்கின்றன. ஆகவே மூழ்குவோரின் முகக்கண்ணாடி மூக்கையும் சேர்த்து மூடியிருக்க வேண்டும். இறங்கும்போதே மூக்கின் வழியே சிறிது சிறிதாக அதற்குள் மூச்சை விட்டு வரவேண்டும். மூச்சைக் காக்கும் ஆசையில் இதை மறப்பவர்களே அதிகம்.

காதுக்கு வழி வேறு. மூக்கைப் பிடித்து மெல்ல ஊதினாலோ, எச்சிலை விழுங்கினாலோ காது திறக்கும். வலி வருமுன்னரே, ஓரிரு அடிக்கு ஒரு முறை இதைச் செய்யவேண்டும். திறக்காவிட்டால் சற்று மேலேறி மறுபடி முயலலாம். முரட்டுத்தனமாக ஊதக்கூடாது. செவிப்பறை கிழிந்து குளிர்ந்த நீர் உட்புகுந்தால் தலை சுழன்று, மேல் எது கீழ் எது என்பதே தெரியாமற்போகும்.

இப்னு பதூதா 14ஆம் நூற்றாண்டில், பாரசீக வளைகுடாவில் முத்துக் குளிப்போர் ஆமையோட்டால் முகத்தை மூடி, ஆமையோட்டுக் கவ்வியால் மூக்கை இடுக்கிக்கொண்டதை எழுதியிருக்கிறார். அதைப் படிக்கும்போதெல்லாம் அந்த மனிதர்களின் காதுகளை எண்ணி நம் நெஞ்சு பதறும்.

சென்ற கார்த்திகையில், மோட்டாரின் புட்வால்வு கழன்று கிணற்றடியில் கிடந்தது. தங்கை மகன் நல்ல முகக்கண்ணாடியோடு இறங்கினான். நாம் படியில் காவலிருந்தோம். பாதியிலேயே ஏறி வந்து, "மாமு, கண்ணாடி முகத்தை அழுத்துகிறது" என்றான். பட்டையை இறுக்கிக் கட்டியிருந்தான். மூக்கால் மூச்சும் விடவில்லை. இரண்டையும் சரிசெய்ததும் அந்த அழுத்தம் நீங்கிற்று. ஆனால் மறுமுறை காது திறக்கவில்லை. அவனுக்குச் சளி பிடித்திருந்தது, அதை மறைத்துவிட்டான்.

"இன்னொரு தடவை பார்க்கிறேன் மாமு" என்றான்.

"வேண்டாம், ஏறி வா" என்றோம். முகம் வாடினாலும் ஏறி வந்தான். அவன் கண்களின் வெண்மையைப் பார்த்தபோது, அந்தக் காலத்தில் படியில் நின்று நமக்கு இப்படிச் சொல்ல ஒருவர் இல்லையே என்று நினைத்துக்கொண்டோம்.

புட்வால்வு பத்து நாள் கழித்து, சளி தீர்ந்த பின் வெளியே வந்தது.