பெரிய பிளேயரா, சின்ன பிளேயரா? – ஒரு பி.காம். கணக்கு

ஆரணின்னு சொன்னா முதல்ல பட்டு, அடுத்தது அரிசி. இந்தப் பதிவு ரெண்டையும் பத்தி இல்லை. டிஜே பிளேயர் பத்தி. "உனக்கும் டிஜேக்கும் என்னடா சம்பந்தம்"னு கிளாஸ்ல கேக்கப் போறவங்களுக்கு முன்கூட்டியே பதில்: எனக்கு இல்லை, எங்க மாமாவுக்கு இருக்கு.

மாமா பத்து வருஷம் தறியில உக்காந்தவர். இப்ப தறியை வித்துட்டு சவுண்ட் சர்வீஸ் வெச்சிருக்கார். கல்யாண ரிசப்ஷன், ஆடி மாச அம்மன் கோயில் திருவிழா, காலேஜ் விழா, இதுதான் பிழைப்பு. இதுவரைக்கும் ஒரு லேப்டாப், ஒரு சின்ன கன்ட்ரோலர், அவ்வளவுதான். லேப்டாப் நடு ராத்திரியில அப்டேட் போட ஆரம்பிச்ச கதையெல்லாம் உண்டு :-) அதனால லேப்டாப்பே வேணாம், பென்டிரைவ் சொருகினா ஓடற தனி பிளேயர் ஒரு ஜோடி வாங்கிடலாம்னு முடிவு பண்ணிட்டார். எதை வாங்கறதுங்கறதுதான் பிரச்சனை. அத்தையோட நகையை பேங்க்ல வெச்சு பெரிய பிளேயர் வாங்கணும்னு அவர் ஆசை. "நீதான் பி.காம். படிக்கறியே மாப்ள, கணக்குப் போட்டுச் சொல்லு"ன்னுட்டார். அந்தக் கணக்குதான் இது.

முதல்ல கொஞ்சம் வரலாறு. 1994ல பயனியர் கம்பெனி சிடிஜே-500னு ஒரு பிளேயர் கொண்டு வந்தது. இசைத்தட்டு மாதிரி கையால திருப்பற சக்கரம் (ஜாக் வீல்) நல்லா வேலை செஞ்சது 2001ல வந்த சிடிஜே-1000ல. அதுக்கப்புறம் உலகம் முழுக்க கிளப்கள்ல இந்த வரிசைதான் நிலையா உக்காந்தது. 2009ல சிடிஜே-2000, 2016ல அதோட நெக்ஸஸ்-2, 2020ல சிடிஜே-3000, 2025ல 3000எக்ஸ். பேர்ல சிடி இருக்கே தவிர 3000ல சிடி போடற வழியே கிடையாது. யூஎஸ்பி, எஸ்டி கார்டு, நெட்வொர்க் மட்டும்தான்.

இதே ஆளுங்க விலை குறைவா எக்ஸ்டிஜேன்னு இன்னொரு வரிசையும் விட்டாங்க. எக்ஸ்டிஜே-700 அதுல சின்னது. வெளிவந்தப்ப அமெரிக்காவுல சுமார் 700 டாலர். சிடிஜே-3000 வந்தப்ப சுமார் 2,300 டாலர். அதாவது பெரிசு ஒண்ணு வாங்கற காசுல சின்னது மூணு வாங்கலாம்.

அப்படி என்னதான் வித்தியாசம்? மாமாவுக்கு நான் சொன்னதை அப்படியே தர்றேன்.

1. கைக்கு வித்தியாசம் நிறைய. பெரிசுல ஜாக் வீல் முழு அளவு, 9 இன்ச் தொடுதிரை, பாட்டுல குறிச்சு வெச்ச இடத்துக்குத் தாவ தனித்தனியா 8 பட்டன். சின்னதுல வீல் சின்னது, திரை 7 இன்ச், பாதி வேலையைத் திரையைத் தொட்டுத்தான் செய்யணும்.

2. காதுக்கு வித்தியாசம் இருக்கு, ஆனா ஆரணியில இல்லை :-) பெரிசுல இருக்கற டிஜிட்டல்-அனலாக் கன்வர்ட்டர் உயர்ந்த ரகம். நம்ம ஆளுங்க போடறது எங்கேயோ இறக்கின 128 கேபிபிஎஸ் எம்பி3. அது கல்யாண மண்டபத்துல, எதிரொலிக்கற சுவருக்கு நடுவுல, ரெண்டு பேஸ் பாக்ஸ் வழியா வருது. கன்வர்ட்டர் என்ன செய்யும் பாவம்? முதல்ல பாட்டை நல்ல தரத்துல வாங்கினாலே பாதி வித்தியாசம் கேக்கும்.

3. பென்டிரைவ் ரெண்டுக்கும் ஒண்ணுதான். ரெக்கார்ட்பாக்ஸ் மென்பொருள்ல பாட்டை அலசி ஏத்தினா சின்னதுலயும் ஓடும், பெரிசுலயும் ஓடும். ஃபேட்32ல ஃபார்மேட் பண்ணணும், அதை மறக்காதீங்க. என்டிஎஃப்எஸ்ல இருந்தா படிக்காது. சின்னதுல கத்துக்கற பையன் நாளைக்கு சென்னையில பெரிசு முன்னாடி நின்னாலும் முழிக்க மாட்டான்.

சரி, இப்ப காசு. எண்ணெல்லாம் கணக்கு புரியறதுக்கு ரவுண்டா வெச்சுக்கிட்டது. நீங்க வாங்கறப்ப கடையில கேட்டுப் போட்டுக்கங்க.

பெரிய ஜோடி 5 லட்சம், சின்ன ஜோடி 1.5 லட்சம். வித்தியாசம் 3.5 லட்சம். நகைக்கடன் வட்டி வருஷத்துக்கு 10 சதவீதம்னா 35,000. வருமான வரிக் கணக்குல மெஷினுக்குத் தேய்மானம் 15 சதவீதம், அது 52,500. ஆக, பெரிசு வாங்கினா சின்னதைவிட முதல் வருஷம் கூடுதலா 87,500 ரூபாய் செலவு, பிளேயர் அட்டைப்பெட்டியிலயே தூங்கினாலும். பெரிய பிளேயர் வெச்சிருக்கறதால ஒரு ராத்திரிக்கு 3,000 ரூபாய் அதிகமா வாடகை கேக்க முடியும்னு வைங்க. 87,500ஐ 3,000ஆல வகுத்தா 29 சொச்சம். வருஷத்துக்கு 30 ராத்திரி அந்தக் கூடுதல் காசு வந்தாத்தான் கையைக் கடிக்காது.

30 வருமா? மாமாவோட நோட்டை எடுத்துப் பாத்தேன். போன வருஷம் 41 ராத்திரி வேலை. அதுல "எனக்கு சிடிஜேதான் வேணும்"னு கேட்டது வெளியூர்லேர்ந்து வந்த டிஜேக்கள், மொத்தம் 4 தடவை. மீதி 37ல பார்ட்டிக்காரங்க கேட்டது ரெண்டே ரெண்டுதான்: பேஸ் எத்தனை, லைட் எத்தனை.

41ஐ 80 ஆக்கறதும் சுலபமில்லை. மார்கழியில கல்யாணம் இல்லை, ஆடியிலயும் இல்லை. ஆடியில கோயில் இருக்கு, ஆனா அங்க அம்மன் பாட்டுக்கு ஜாக் வீல் எதுக்கு? நேரமும் கம்மி. 2000ல வந்த ஒலி மாசு விதிப்படி ராத்திரி 10 மணிக்கு மேல ஒலிபெருக்கி கூடாது. ரிசப்ஷன்ல மாப்பிள்ளை பொண்ணு மேடை ஏறவே எட்டு ஆயிடும். மிஞ்சறது ரெண்டு மணி நேரம். அந்த ரெண்டு மணி நேரத்துக்கு எவ்வளவுதான் வாடகை கேக்க முடியும்?

மாமா சுலபமா ஒத்துக்கலை. "தறிக்காரனுக்குத் தெரியாதாடா? அசல் ஜரிகை போட்ட புடவைக்கும் டெஸ்டட் ஜரிகைக்கும் மதிப்பு ஒண்ணா?"ன்னு கேட்டார். நல்ல கேள்விதான். நான் சொன்னது இது: ஜரிகையைக் கட்டறவங்க பாக்கறாங்க, ஊரே பாக்குது, அதனால காசு கொடுக்கறாங்க. பிளேயர் மேஜைக்குப் பின்னாடி இருக்கு. அதைத் தொடற டிஜே மட்டும்தான் அதை மதிப்பார். அந்த மாதிரி டிஜே உங்ககிட்ட வருஷத்துக்கு நாலு பேர்தான் வர்றாங்க மாமா.

அதுக்கப்புறம் அவரே ஒண்ணு சொன்னார், எந்த டெக்ஸ்ட் புக்லயும் நான் படிக்காதது. மழைக்காலத்துல குழித்தறியில தண்ணி ஊறிடும், பாவு நமத்துப் போயிடும், தறி ஓடாது. "தறி நின்னா தறிக்குச் செலவில்லை மாப்ள. தறிக்கு வாங்கின கடன் மட்டும் நிக்காம ஓடும்." எங்க சார் ஃபிக்ஸட் காஸ்ட்னு ஒரு மணி நேரம் நடத்தினது இதைத்தான்.

பெரிய பிளேயர் வீண்னு நான் சொல்லலை. சென்னை, பெங்களூர்ல வாரம் மூணு நாலு ராத்திரி வாடகைக்குப் போற கம்பெனிக்கு அதுதான் சரி. அங்க வர்ற டிஜே எந்த மாடல் வேணும்னு முன்கூட்டியே எழுதிக் கொடுத்துடுவார். இல்லைன்னா வேலையே கிடைக்காது. அவங்களுக்கு 30 ராத்திரி மூணு மாசத்துக்குள்ள முடிஞ்சுடும்.

கடைசியா முடிவு பண்ணது: சின்னது ரெண்டு இல்லை, மூணு. 2.25 லட்சம். மூணாவது வண்டியிலயே ஸ்பேரா இருக்கும். பெரிசு ரெண்டு வெச்சுக்கிட்டு ஒண்ணு மக்கர் பண்ணா, ரிசப்ஷன் நடுவுல நிக்கறது மாமாதான். மூணு இருந்தா ஒரு பாட்டு முடியறதுக்குள்ள மாத்திடலாம். ஜெனரேட்டர்ல ஓடறப்ப வோல்டேஜ் ஏறி இறங்கும், அதனால ஒரு நல்ல ஸ்டெபிலைசர். ஒரே பாட்டு லிஸ்ட்டோட ரெண்டு பென்டிரைவ். அந்த நாலு வெளியூர் டிஜேக்களுக்கு சிடிஜே ஜோடியை அன்னிக்கு மட்டும் வெளியில வாடகைக்கு எடுத்து, பில்லுல தனியா போட்டுடறது. ஒரு ராத்திரிக்கு 10,000னு வெச்சாலும் 40,000தான். பார்ட்டிக்காரர் கொடுக்க மறுத்து மாமாவே கட்டினாக்கூட 87,500ல பாதியைத் தாண்டாது. அத்தையோட காசுமாலை பேங்குக்குப் போகலை, ஒரு ஜோடி வளையல் மட்டும் போச்சு.

இதையே வாங்கலாமா அதையே வாங்கலாமான்னு யோசிக்கற நண்பர்களுக்கு: விலைப் பட்டியலைப் பாக்கறதுக்கு முன்னாடி உங்க நோட்டைப் பாருங்க. எத்தனை ராத்திரி, அதுல எத்தனை பேர் மாடல் பேர் சொல்லிக் கேட்டாங்க. அந்த ரெண்டு எண்ணும் கையில இல்லைன்னா இன்னும் ஒரு சீசன் வாடகைக்கே எடுத்து ஓட்டுங்க.

பி.கு: பழசு வாங்கறவங்க கடையிலயே ப்ளே, க்யூ பட்டனை இருபது தடவை அழுத்திப் பாருங்க. அதிகமா அடி வாங்கறது அதுதான். யூஎஸ்பி சொருகற இடத்தையும் ஆட்டிப் பாருங்க, உங்க பென்டிரைவையே கொண்டு போய்.