ஏல ஸ்டோரும் சில்லு வரைவும்

போடிநாயக்கனூரைச் சார்ந்த மலைச்சரிவுகளில் ஏலம் பயிரிடுவோர்க்கு ஒரு நியதி உண்டு. பறித்த பச்சைக்காயைக் காலந் தாழ்த்தாது உலர்த்தல் வேண்டும். உலர்த்துதற்குரிய ஸ்டோர் கட்டப் பெருமுதல் வேண்டுமாதலின், சிறு தோட்டக்காரர் பிறர் ஸ்டோரிற் கூலி கொடுத்து உலர்த்திக்கொள்வர். காய் அவருடையது, சூளை பிறருடையது.

யாம் பயிலும் மின்னணுவியலிலும் நிலைமை இதுவே. ஒரு சில்லை வரைய அறிவு மாத்திரம் போதாது. எண்ணிறந்த டிரான்சிஸ்டர்களை ஒழுங்குபடுத்தவும், பிழை நோக்கவும், உற்பத்திச் சாலைக்கேற்ற வடிவில் அமைக்கவும் மென்பொருள் வேண்டும். அதனை அளிப்போருள் சினாப்சிஸ், கேடன்ஸ், சீமென்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்களே தலைமையானவை. அவை பெரும்பாலும் குத்தகைபோற் காலவரையிட்டே உரிமம் வழங்குகின்றன. அதன் முழு விலை எளிய கல்லூரிகளின் சக்திக்கு அப்பாற்பட்டது.

இக்குறையை உணர்ந்து இந்திய சர்க்கார் 2022-ஆம் ஆண்டில் 'சிப்ஸ் டு ஸ்டார்ட்அப்' திட்டத்தைத் தொடங்கிற்று. ஐந்தாண்டுகளில் 85,000 பேரைப் பயிற்றுவித்தல் அதன் நோக்கம். ஒதுக்கிய தொகை 250 கோடி ரூபாய். பெங்களூரு சி-டாக் நிறுவனத்திலுள்ள சிப்இன் மையம் வாயிலாகப் பல கல்லூரிகள் அம்மென்பொருள்களைப் பெறுகின்றன. இஃது ஊர்ப்பொது ஸ்டோர் போன்ற நற்பணியே. எனினும், 2021 டிசம்பரிற் சில்லுத் தொழிலுக்கென அறிவிக்கப்பட்ட 76,000 கோடியோடு ஒப்பிடின், இது ரூபாய்க்கு மூன்றிலொரு பைசாவே ஆகும்.

எமக்குக் கவலை தருவது வேறொன்று. கல்விக்கென அளிக்கும் உரிமம் கல்லூரி வாயிலோடு நின்றுவிடும். பட்டம் பெற்று ஊர் திரும்பும் மாணவன் கையில் அஃது இராது. தாலந்தை மண்ணிற் புதைத்த ஊழியனைப் பற்றி யாம் வேதபாட வகுப்பிற் கேட்டுள்ளோம். அவன் தானே புதைத்தான். இம்மாணவனோ புதைக்க மனமில்லாதிருந்தும் அவன் கற்றது புதைபடுகின்றது.

இதற்கு மாற்று இல்லாமலில்லை. 2018-இல் சென்னை ஐ.ஐ.டி.யினர் வெளியிட்ட 'சக்தி' செயலி, பெர்க்லி சர்வகலாசாலையில் 2010-இல் தோன்றி யாவர்க்கும் பொதுவாய் விளங்கும் ரிஸ்க்-ஃபைவ் முறையைத் தழுவியது. அவ்வாறே மேஜிக், என்ஜிஸ்பைஸ், கேலேஅவுட், ஓப்பன்ரோடு முதலிய வரைவுக் கருவிகள் விலையின்றிக் கிடைக்கின்றன. 2020-இல் கூகுளும் ஸ்கைவாட்டரும் 130 நானோமீட்டர் உற்பத்தி முறையின் விவரங்களைப் பொதுவில் வைத்தன. மிக நுண்ணிய சில்லுகளுக்கு இவை ஈடாகா என்பது மெய்யே. ஆயினும் கற்பதற்கும், பழைய அளவுகளிற் சிறு சில்லுகள் வரைதற்கும் போதுமானவை.

ஆதலின், சர்க்கார் உரிமங்களுக்குச் செலவிடுவதோடு, இப்பொதுக் கருவிகளைத் திருத்தி வளர்ப்பதற்கும் ஒரு பங்கை நிலையாக ஒதுக்குமாறு விழைகின்றோம். குத்தகைப் பணம் ஆண்டோடு கழியும்; கருவியிற் செய்த திருத்தமோ அடுத்து வருவோர்க்கும் நிற்கும். எம் கல்லூரித் தலைவர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: முதலாண்டு ஆய்வுக்கூடத்திலேயே இக்கருவிகளைப் பழக்குவீர்களாக. அதற்கு வேண்டுவன இப்போதுள்ள கணினிகளும், வாரத்தில் இரண்டு மணி நேரமுமே.