பொம்மைக்கு எவ்வளவு கதை வேணும்?

 

பெருநாள் காசு பிள்ளைகளின் கைக்கு வந்துவிட்டது. இந்த நாட்களில் பாடசாலை வாசலில் பெற்றோர் எங்களிடம் கேட்பது பரீட்சையைப் பற்றி அல்ல. "சேர், இவன் ஒரு பொம்மை கேக்குறான். அதுக்கு ஒரு கதை இருக்காம். அந்தக் கதை வெளங்கணும்டா இன்னும் நாலு பொம்மை வேணுமாம். இதென்ன கணக்கு?"

நியாயமான கேள்வி. வாள் பிடித்த வீரன், எலும்புக்கூட்டு முகம் கொண்ட வில்லன், வாகனமாக மாறும் ரோபோ என்று கடைகளில் தொங்கும் இந்தப் பொம்மைகளுக்கு இன்று ஒரு சரித்திரப் பாடப் புத்தகமே இருக்கிறது. இவன் எந்தக் கிரகத்தில் பிறந்தான், தகப்பனைக் கொன்றது யார், எந்த யுத்தத்தில் கையை இழந்தான் என்று எல்லாம் இருக்கிறது. கண்டி இராச்சியத்தின் கடைசி மன்னன் பெயரைச் சொல்லத் தடுமாறும் பிள்ளை, இதை மூச்சுவிடாமல் ஒப்புவிப்பான். இவ்வளவு கதை ஒரு பொம்மைக்குத் தேவையா? எங்களுக்குத் தெரிந்ததையும், வகுப்பில் நாங்கள் காண்பதையும் வைத்துக் கொஞ்சம் எழுதுகிறோம்.

முதலில், இந்தக் கதைகள் எப்படி வந்தன என்று பார்ப்போம். பலர் நினைப்பது, ஒரு கதை இருந்தது, அதற்குப் பொம்மை செய்தார்கள் என்று. பெரும்பாலும் நடந்தது அதற்கு நேர்மாறு.

எங்கள் வயதினருக்கு ஹீ-மேனைத் தெரியும். அமெரிக்காவின் மேட்டல் கம்பனி 1982இல் விற்பனைக்கு விட்ட பொம்மை. அதற்கு ஆறு வருடங்களுக்கு முன்னர் ஸ்டார் வார்ஸ் படத்துக்குப் பொம்மை செய்யும் உரிமை இதே கம்பனியைத் தேடி வந்தது, வேண்டாம் என்றார்கள். கென்னர் என்ற இன்னொரு கம்பனி அதை எடுத்துக் கோடி கோடியாக உழைத்தது. அதன் பிறகு அவசரமாகத் தேடியதில் பிறந்தவன் தான் இந்த ஹீ-மேன். உடம்பு இருந்தது, வாள் இருந்தது, கதை இல்லை. அவன் ஏறிப் போகும் பச்சைப் புலிகூட வேறொரு பழைய பொம்மை வரிசைக்காகச் செய்த புலியின் அச்சுத்தான். பச்சை நிறம் பூசி, சேணம் கட்டி அனுப்பினார்கள்.

கடைக்காரர்கள், இவன் யார் என்று பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்களாம். ஒவ்வொரு பொம்மையோடும் ஒரு சின்னச் சித்திரக்கதைப் புத்தகம் வரும் என்று விற்க வந்தவர் அந்த இடத்திலேயே சொல்லிவிட்டார் என்று அந்தக் கம்பனியில் இருந்தவர்களே பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். சொன்ன பிறகு புத்தகம் எழுதவேண்டி வந்தது. அந்தப் புத்தகத்தில் ஹீ-மேன் ஒரு காட்டுவாசிக் கூட்டத்து வீரன். 1983இல் தொலைக்காட்சிக் கார்ட்டூன் வந்தபோது அவனே அரண்மனையில் பிறந்த இளவரசன் ஆகிவிட்டான். ஒரே பொம்மை, ஒரு வருட இடைவெளி, இரண்டு பிறப்பு. முதல் வருடம் வாங்கிய பிள்ளைக்கு ஒரு குறையும் வரவில்லை. அவன் பாட்டுக்கு விளையாடினான்.

ட்ரான்ஸ்போமர்ஸ் கதை இதைவிட ருசியானது. ஜப்பானில் தகாரா கம்பனி டயக்லோன் என்ற பெயரில் ரோபோக்களை விற்றது. அந்தக் கதையில் அவை வெறும் இயந்திரங்கள். உள்ளே குட்டி மனிதர்கள் உட்கார்ந்து ஓட்டுவார்கள். அமெரிக்க ஹாஸ்ப்ரோ கம்பனி அதே அச்சுகள் பலவற்றை வாங்கி 1984இல் வேறு பெயரில் விற்றது. மார்வெல் சித்திரக்கதைக் கம்பனியின் பொப் புடியான்ஸ்கி என்பவர் பல ரோபோக்களுக்குப் பெயரும் குணமும் எழுதிக் கொடுத்தார். இப்போது அவை உயிருள்ளவை, கோபப்படுபவை, நட்பு பாராட்டுபவை. பிளாஸ்டிக் மாறவில்லை. ஜப்பான் பிள்ளையும் அமெரிக்கப் பிள்ளையும் ஒரே காரை வைத்து இரண்டு விதமாக விளையாடினார்கள்.

இந்தியாவிலும் பாருங்கள். சென்னை எம்.ஆர்.எப். டயர் கம்பனியின் குடும்பத்தைச் சேர்ந்த பன்ஸ்கூல், 1987 முதல் விளையாட்டுச் சாமான் செய்கிறது. ஜி.ஐ. ஜோ வீரர்களைக் கோவாவில் வார்த்தெடுத்தார்கள். அமெரிக்காவில் ஒரு நிறத்தில் வந்தவன் இங்கே வேறொரு நிறத்தில் வந்தான். அங்குள்ள கதைப்படி பார்த்தால் அது தப்பு நிறம். ஆனால் இன்று வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் தேடி வாங்குவது அந்த விசித்திர நிறப் பொம்மைகளைத்தான்.

அப்படியானால் கதை ஏன் இவ்வளவு பெருத்தது? காசுதான். 1969இல் அமெரிக்காவில் ஹொட் வீல்ஸ் கார்களை வைத்து ஒரு கார்ட்டூன் வந்தது. இது நிகழ்ச்சி அல்ல, அரை மணித்தியால விளம்பரம் என்று போட்டிக் கம்பனி முறைப்பாடு செய்தது. அரசாங்கத்தின் ஒலிபரப்பு ஆணைக்குழுவும் ஏற்றுக்கொண்டது. ரீகன் காலத்தில், 1984இல், பிள்ளைகள் நிகழ்ச்சிகளில் விளம்பரத்துக்கு இருந்த கட்டுப்பாட்டை அதே ஆணைக்குழு எடுத்துவிட்டது. பிறகு பொம்மைக் கார்ட்டூன்கள் மழைபோலக் கொட்டின. 1990இல் சட்டம் போட்டு விளம்பர நேரத்தைத் திரும்பவும் மட்டுப்படுத்தினார்கள். அதற்குள் வியாபாரிகள் பாடம் படித்துவிட்டார்கள். பொம்மையை விற்றால் ஒன்று போகும், கதையை விற்றால் வரிசையே போகும். நாயகனுக்குத் தம்பி உண்டு என்று ஒரு வரி எழுதினால், தம்பியையும் வாங்கவேண்டும்.

இதில் எங்களுக்கு மிகவும் பிடித்த ஆள் ஸ்னேக் ஐஸ். 1982 ஜி.ஐ. ஜோ வரிசையில் ஒருவன். மற்ற வீரர்களுக்கெல்லாம் பல நிறம் பூசியதில் செலவு கூடிப்போகவே, ஒருவனை மட்டும் நிறமே பூசாமல் முழுக் கறுப்பாக விட்டார்கள். ஒவ்வொரு வீரனின் அட்டைக்குப் பின்னாலும் லாரி ஹாமா என்ற எழுத்தாளர் ஊர், பெயர், தொழில் என்று சின்ன விபரக்குறிப்பு எழுதினார். இவனுடைய குறிப்பில் பெயரும் ஊரும் "இரகசியம்". வாயும் பேசமாட்டான். காசு மிச்சம் பிடிக்கச் செய்த இந்தக் கறுப்புப் பொம்மைதான் அந்த வரிசையிலேயே பிள்ளைகளுக்கு மிகப் பிடித்தவர்களில் ஒருவனானான். வெற்றிடத்தைப் பிள்ளைகளே நிரப்பிக்கொண்டார்கள். 2021இல் அவன் முகத்தையும் பிறந்த கதையையும் காட்டி ஒரு முழுப் படம் எடுத்தார்கள். ஓடவில்லை. கொரோனா காலம் என்பதும் ஒரு காரணம்தான், ஆனாலும் யாருக்கும் அந்த விபரம் தேவைப்படவில்லை.

இனி எங்கள் ஊருக்கு வருவோம். கொட்டாஞ்சேனையில் வளர்ந்த எங்களுக்கு விளையாட்டுச் சாமான் என்றால் இரண்டு காலம். ஜூன் 13 கொச்சிக்கடை அந்தோனியார் திருவிழா, பிறகு ஆடிவேல். செட்டியார் தெருவிலிருந்து தேர் பம்பலப்பிட்டிக்குப் போகும் நாட்களில் காலி வீதியோரம் கடை போடுவார்கள். அங்கே வாங்கிய வீரனுக்குப் பெயரே இருக்காது. ஒரே பக்கெட்டில் இரண்டு நாட்டு ஹீரோக்கள் இருப்பார்கள். ஒருவனுக்கு மற்றவனின் தலை இருக்கும். பெயர் வைப்பது எங்கள் வேலை. வாப்பாவின் கடை நானா பெயர், கிரிக்கெட் வீரர் பெயர், எது வாயில் வந்ததோ அது. சண்டை நடப்பது ஜிந்துப்பிட்டியில். பேசுவது எங்கட தமிழில்.

இன்று இண்டர்வெல் நேரத்தில் நாங்கள் கேட்பது வேறு. "அவன் அப்பிடிப் பறக்க மாட்டான்டா. வீடியோவுல இல்ல." ஒரு பிள்ளை புதிதாக ஏதும் சொன்னால் மற்றப் பிள்ளை சட்டம் பேசுகிறான். சட்டமெல்லாம் இங்கிலிஷில். வீட்டில் வைஃபை உள்ள பிள்ளைக்கு எல்லாச் சட்டமும் தெரியும். உம்மாவின் போனில் டேட்டா முடிந்துபோகும் வீட்டுப் பிள்ளைக்குத் தெரியாது. அவன் சுவரோரம் நின்று பார்க்கிறான். 2022க்குப் பிறகு எத்தனை வீடுகளில் கணக்கு இறுகியிருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். பொம்மையைக் கையில் கொடுத்தால்கூட, "உனக்குக் கதை தெரியாது" என்று திருப்பி வாங்கிக்கொள்கிறார்கள். எங்களுக்கு நோவது இந்த இடத்தில்தான். வறுமை உடுப்பில் தெரியக்கூடாது என்று சீருடை வைத்தோம். அது இப்போது விளையாட்டில் தெரிகிறது.

மற்றப் பக்கத்தையும் சொல்லவேண்டும். தரம் 4இல் வாயே திறக்காத ஒரு பிள்ளை, ரோபோக்களைப் பற்றிக் கேட்ட அன்று பத்து நிமிடம் நிறுத்தாமல் பேசியதை நாங்கள் கண்டிருக்கிறோம். அந்தப் பிள்ளைக்கு அந்தக் கதை ஒரு ஏணி. ஒரு கதையும் இல்லாத பொம்மையைக் கையில் கொடுத்தால் சில பிள்ளைகள் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்துவிடுவதும் உண்மை. தொடங்க ஒரு நுனி வேண்டும்.

அந்த நுனி எவ்வளவு நீளம்? எங்களுக்கு இதற்கான விடை பழைய இடத்தில் இருக்கிறது. அபூதாவூதில் வரும் ஹதீஸ். நபி (ஸல்) அவர்கள் ஒரு யுத்தப் பயணத்திலிருந்து திரும்பி வந்த நேரம். காற்றில் திரை விலகியபோது அன்னை ஆயிஷா (ரழி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகள் தெரிந்தன. நடுவில் ஒரு குதிரை, அதற்குத் துணித்துண்டால் இரண்டு இறக்கைகள். நபியவர்கள் இது என்ன என்று கேட்டார்கள். குதிரை என்றார்கள் அன்னையவர்கள். குதிரைக்கு இறக்கையா என்று கேட்டபோது, சுலைமான் (அலை) அவர்களிடம் இறக்கையுள்ள குதிரைகள் இருந்ததை நீங்கள் கேள்விப்படவில்லையா என்று பதில் வந்தது. நபியவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள்.

பொம்மை பற்றிய மார்க்கச் சட்டத்தை நாங்கள் இங்கே பேச வரவில்லை. அது உலமாக்களின் வேலை. நாங்கள் பார்ப்பது அந்த ஒரு வரியை. துணிக் குதிரைக்கு இருந்த முன்கதை அவ்வளவுதான். காதில் விழுந்த ஒரு கதையிலிருந்து எடுத்த ஒரு வரி. அந்தக் குதிரை எங்கே பறந்தது, எதை உண்டது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. கேட்டவர்களும் "அப்படி ஒரு குதிரை இல்லை" என்று திருத்தவில்லை. சிரித்தார்கள்.

வெள்ளவத்தையில் எங்கள் அயலவர்கள் நவராத்திரிக்குக் கொலு வைக்கும்போதும் இதைப் பார்த்திருக்கிறோம். மேல்படியில் உள்ளவர்களுக்குப் பெரிய பெரிய புராணம் உண்டு. கீழ்ப்படியில் செட்டியாரும் மனைவியும் பலசரக்கோடு உட்கார்ந்திருப்பார்கள். சில வீடுகளில் பிள்ளைகள் தங்கள் பிளாஸ்டிக் கார்களையும் வீரர்களையும் கொண்டுவந்து அந்தப் பக்கத்தில் ஒரு ஊரே கட்டிவிடுவார்கள். மேல்படியை யாரும் தொடமாட்டார்கள், கீழ்ப்படியில் கூட்டம் குறையாது. பெரிய கதைக்குக் கீழே பிள்ளைக்கென்று ஒரு படி ஒதுக்கியிருப்பது நல்ல வழக்கம்.

ஆகவே எங்கள் கணக்கு இது. "இது யாரு?" என்று கேட்டால் பிள்ளை ஒரு வரியில் பதில் சொல்லக்கூடிய அளவு கதை போதும். அதற்கு மேல் உள்ளதெல்லாம் பிள்ளையின் பங்கு. அதைக் கம்பனி எடுத்துக்கொண்டால் நாங்கள் காசும் கொடுத்து, பிள்ளையின் வேலையையும் கொடுத்துவிடுகிறோம்.

வீட்டில் செய்யக்கூடியது சின்ன விஷயம்தான். பொம்மை வாங்கினால் அதன் வீடியோவைக் காட்ட முதல் ஒரு கிழமை சும்மா விளையாட விடுங்கள். பிள்ளை பெயர் வைக்கட்டும். அந்தப் பெயரால் நீங்களும் கூப்பிடுங்கள். கூகுளில் தேடி "அவன்ட பேர் அதில்ல மகன்" என்று திருத்தாதீர்கள். ஒரு ஒரிஜினல் வீரனின் விலையில் ஒரு தவணைக்கான கொப்பி எல்லாம் வாங்கலாம். புறக்கோட்டை நடைபாதையில் பெயரில்லாத குதிரை இன்னும் கிடைக்கிறது. மூத்தம்மா, அப்பம்மா யாராவது வீட்டில் இருந்தால் அவர்களிடம் ஒரு வரி கேட்கச் சொல்லுங்கள். தமிழில் வரும்.

எங்கள் வகுப்பில் இந்தத் தவணையிலிருந்து ஒரு சட்டம் வைத்திருக்கிறோம். இண்டர்வெல் விளையாட்டில் "வீடியோவுல இல்ல" என்று யாரும் சொல்லக்கூடாது. முதல் இரண்டு நாள் முணுமுணுத்தார்கள். மூன்றாம் நாள் சுவரோரம் நின்ற பிள்ளை பென்சில் பெட்டி மூடியை ஒரு கப்பலாக்கிக்கொண்டு உள்ளே வந்தான். அது எந்தக் கப்பல் என்று கேட்டார்கள். துறைமுகத்தில் வாப்பா சாமான் இறக்கும் கப்பல் என்றான். ஏற்றுக்கொண்டார்கள்.

உங்கள் பிள்ளைகள் வைத்த பெயர்களைக் கீழே எழுதுங்கள், வகுப்பில் வாசித்துக் காட்டுகிறோம். எல்லார் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அல்லாஹ் நல்ல விளையாட்டையும் நல்ல கூட்டாளிகளையும் தரட்டும்.