தேதி கேட்பவர்கள்

ஏப்ரல் 9, 34 வாரம்

தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான் என்று பாளையங்கோட்டைக்கு வந்தாயிற்று. சட்டம் தருவது 26 வாரப் பேறுகால விடுப்பு. அதில் பிரசவத்துக்கு முன்னால் 8 வாரத்துக்கு மேல் எடுக்க முடியாது. முன்னால் எடுப்பதெல்லாம் பின்னால் குறையும் என்பதால், கால் வீங்க வீங்க இங்கிருந்தே கணினியில் வேலை பார்க்கிறேன்.

தெருவில் எல்லோருக்கும் ஒரே கேள்வி: "தேதி எப்போ?" மே 20 என்கிறேன். கடைசியாக மாதவிலக்கு வந்த முதல் நாளிலிருந்து 280 நாளைக் கூட்டினால் கிடைப்பது அது. நூறு குழந்தைகளில் நாலைந்துதான் குறித்த நாளில் பிறக்கின்றன என்று சொன்னால், நான் எதையோ மறைப்பதுபோல் பார்க்கிறார்கள்.

ஏப்ரல் 23, 36 வாரம்

தூக்கம் போயே போய்விட்டது. மல்லாந்து படுத்தால் கருப்பையின் கனம் முதுகெலும்பை ஒட்டிப் போகும் பெரிய ரத்தக்குழாயை அழுத்தும்; அதனால் ஒருக்களித்துத்தான், முடிந்தால் இடப்பக்கம். ஒரு தலையணை முழங்கால்களுக்கு நடுவில், ஒன்று வயிற்றுக்கு அடியில். சுகமாக இடம் கண்டதும் சிறுநீர் முட்டும்.

சாப்பிட்டால் நெஞ்செரிச்சல். "பிள்ளைக்குத் தலை நெறைய முடிட்டி" என்கிறாள் ஆச்சி. சிரித்துவிட்டேன். ஆனால் இது கட்டுக்கதைதான் என்று காட்ட எண்ணி 64 பெண்களை ஆராய்ந்த அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள், 2006இல் தொடர்பு இருப்பதாகவே எழுதினார்கள். சின்ன ஆய்வுதான். ஆச்சியிடம் சொல்லவில்லை, சொன்னால் குங்குமப்பூவுக்கும் சான்று கேட்பாள். அது நிறத்தை ஒன்றும் செய்யாது.

ஏப்ரல் 30, 37 வாரம்

ஸ்கேனில் குழந்தை தலை கீழாகத் திரும்பியிருக்கிறது. மூச்சு கொஞ்சம் லேசாகியிருக்கிறது, இடுப்பு கனக்கிறது. வயிறு இறங்கிவிட்டது என்கிறாள் அம்மா.

சாயங்காலம் மாமா போன். "எக்கா, ஜோசியர்ட்ட கேட்டுட்டேன். அடுத்த வாரமே நல்ல நட்சத்திரம் ஒண்ணு வருது. மாசந்தான் நெறைஞ்சிட்டுல்லா, ஆபரேஷன் பண்ணி எடுத்துரலாம்." அம்மா என் முகத்தைப் பார்த்தாள். நான் போனை வாங்கிக்கொண்டேன்.

இப்படிக் கேட்பவர் மாமா ஒருவர் மட்டும் இல்லை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் ஏறக்குறைய 45 சிசேரியன். அதில் உயிர் காத்தவை எத்தனையோ உண்டு. குழந்தை குறுக்கே கிடந்தாலோ, நஞ்சுக்கொடி வாசலை மறைத்தாலோ, இதயத்துடிப்பு தளர்ந்தாலோ கத்திதான் கதி. அதற்கு நான் எதிரி இல்லை. நட்சத்திரத்துக்காக அறுப்பதற்குத்தான் எதிரி.

37 வாரம் என்றால் 'மாசம் நிறைஞ்சாச்சு' என்ற பேச்சையும் மருத்துவர்கள் திருத்திவிட்டார்கள். அமெரிக்க மகப்பேறு மருத்துவர் அமைப்பு 2013இல் 39 வாரம் தொட்டால்தான் முழு மாதம் என்று வரையறுத்தது. 35 வாரத்தில் குழந்தையின் மூளை, நிறைமாதத்தில் இருக்கவேண்டிய எடையில் மூன்றில் இரண்டு பங்குதான். நுரையீரலும் கடைசிவரை தேறிக்கொண்டே இருக்கிறது. வலி வருமுன் 39 வாரத்துக்குள் அறுத்து எடுத்த குழந்தைகளுக்கு மூச்சுத்திணறல் அதிகம். இதையெல்லாம் சொன்னேன். "நீ படிச்சவ, நான் என்னத்தச் சொல்ல" என்று வைத்துவிட்டார். வருத்தம்தான். இருக்கட்டும்.

மே 8, 38 வாரம்

கத்திரி வெயில். நடுராத்திரியில் வயிறு கல்லாக இறுகிற்று. தளர்ந்தது, மறுபடி இறுகிற்று. ஆச்சி பதறவில்லை. சீரகத்தைக் கொதிக்கவைத்துக் கொண்டுவந்தாள். "சூட்டு வலிட்டி. கஷாயத்தக் குடிச்சிட்டுப் படு. நெச வலின்னா படுக்க விடாது."

கஷாயத்தைவிட அந்தச் சோதனை எனக்குப் பிடித்தது. தண்ணீர் குடித்து, ஒருக்களித்துப் படுத்தால் பொய்வலி அடங்கும்; மெய்வலி எதற்கும் அடங்காது, பெரும்பாலும் இடுப்பிலிருந்து புறப்பட்டு முன்னால் வரும், இடைவெளி குறைந்துகொண்டே போகும். 1872இல் இந்தப் பொய்வலியை எழுதிவைத்த பிராக்ஸ்டன் ஹிக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவரின் பெயரைத்தான் டாக்டர்கள் அதற்குச் சொல்கிறார்கள். ஆச்சிமார் அதற்கு முன்பே சீரகத்தோடு உட்கார்ந்திருப்பார்கள்.

அஞ்சு நிமிஷத்துக்கொரு வலி, ஒவ்வொன்றும் ஒரு நிமிஷம், இப்படி ஒரு மணி நேரம் நீடித்தால் கிளம்பச் சொல்லியிருக்கிறார்கள். விடியுமுன் அடங்கிவிட்டது.

மே 14, 39 வாரம்

பை தயார். கர்ப்பத்தைப் பதிந்தபோது அரசு தந்த பிக்மி எண் எழுதிய தாய் சேய் அட்டை, ஸ்கேன் தாள்கள், ஆதார், நைட்டி, குழந்தைக்குத் துவைத்து மிருதுவான பழைய பருத்திச் சேலைத் துண்டுகள். ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்கு வழி எல்லோருக்கும் தெரியும். அரசு ஆஸ்பத்திரிப் பிரசவ அறையில் துணைக்கு ஒரு பெண்ணை விடுவார்கள். அம்மா வேண்டாம், அழுவாள். அத்தையைச் சொல்லியிருக்கிறேன்.

இன்று பக்கத்து வீட்டு அக்கா ஒன்று சொன்னார்: "கடைசி மாசத்துல அசைவு கொறையும், உள்ள இடம் பத்தாதுல்லா." இதை மட்டும் நம்பாதீர்கள். அசைவின் விதம் மாறும்; உதை போய் நெளிவும் உருளலும் வரும். ஆனால் குறையக்கூடாது. சாப்பிட்டுவிட்டு இடப்பக்கம் படுத்து எண்ணுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் பத்து அசைவு வரவேண்டும். வழக்கத்தைவிடக் குறைந்ததாகத் தோன்றினாலே கிளம்பலாம். வலியே இல்லாமல் பனிக்குடம் உடைந்தாலும், ரத்தம் போனாலும், தலைவலியோடு கண் மங்கினாலும், முகமும் கையும் திடீரென்று வீங்கினாலும் அப்படித்தான். ரத்த அழுத்தம் 140/90ஐத் தொட்டால் டாக்டர்கள் சும்மா விடமாட்டார்கள், நீங்களும் விடாதீர்கள். குறித்த தேதிக்கு இன்னும் நாள் இருக்கிறதே என்றோ, விடியட்டும் என்றோ காத்திருக்க வேண்டாம். 108ஐ அழையுங்கள்.