மன்னிக்கத்தான் வேண்டுமா?

1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் பாதிரியார் கிரஹாம் ஸ்டெயின்ஸையும் இரு மகன்களையும் வண்டிக்குள் வைத்து எரித்தார்கள். மனைவி கிளாடிஸ் மன்னித்தார். சட்டத்தின் தண்டனைக்குக் குறுக்கே நிற்கவில்லை.

அதே ஆண்டு ஜூலை 23. மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக நம் கொக்கிரகுளத்துக்கு வந்த ஊர்வலத்தைப் போலீசார் தடியால் அடித்து ஆற்றுக்குள் விரட்டினார்கள். ஒன்றரை வயதுக் குழந்தை உட்பட 17 பேர் மாண்டார்கள்.

ஏழெழுபது தரம் மன்னிக்கச் சொன்ன ஆண்டவரே, லூக்கா 17-இல், தவறு செய்தவனைக் கடிந்துகொள்ளவும், அவன் மனம் வருந்தினால் மன்னிக்கவும் சொல்கிறார். பிரசங்கத்தில் இந்தக் கடிந்துகொள்வதை ஏனோ தாண்டிவிடுகிறார்கள்! கிளாடிஸ் தாமாகவே மன்னித்தார், அது அவருடைய உரிமை. தாமிரபரணியில் பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்குப் போய் 'மன்னித்துவிடுங்கள்' என்று சொல்ல எந்த ஐயருக்கும் உரிமையில்லை. எனக்கும் இல்லை.