ஆரே ஆற்றில் ஒரு நாள்

எங்கள் பேர்ண் நகரத்தை வளைத்து ஓடும் ஆற்றின் பெயர் ஆரே. சின்ன வயதில், "ஆறு" என்ற சொல்லைத்தான் சுவிஸ்காரர் பிழையாகச் சொல்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். சிரிக்காதீர்கள். உங்களிடமும் இப்படி ஒரு கதை இருக்கும்!

போன யூலையில் நானும் என் மூன்று தோழிகளும் மூன்சிங்கன் வரை ரயிலில் போய், அங்கிருந்து ஆற்றங்கரையோரமாகவே பேர்ணுக்கு நடந்து வந்தோம். மூன்று மணித்தியால நடை. அம்மாவிடம் "நடக்கப் போறம்" என்றுதான் சொன்னேன். முடிவில் ஆற்றில் இறங்கப் போகிறோம் என்று சொல்லவில்லை. நீச்சலுடுப்பைக் கட்லட் பெட்டிக்கு அடியில் ஒளித்துக் கொண்டுபோனேன்.

பாதை முழுக்க மரநிழல். பக்கத்திலேயே பச்சையும் நீலமும் கலந்த தண்ணீர். மலைப் பனியாறுகளில் பிறந்து, பிரியன்ஸ், தூன் என்ற இரண்டு ஏரிகளைக் கடந்து வருகிற தண்ணீர் அது. நல்ல வெயில் காலத்திலும் 20 பாகை வந்தாலே இங்கே எல்லோருக்கும் கொண்டாட்டம். அம்மாவின் கட்லட் பாதி வழியிலேயே முடிந்துவிட்டது. எனக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று.

ஐக்கோல்ஸ் என்ற இடத்தில் இறங்கினோம். உடுப்புகளை நீர்புகாத பைகளில் போட்டுக் கட்டிக்கொண்டோம். ஆரேயில் பெரிதாக நீந்தத் தேவையில்லை. கரையோரமாக மேலே நடந்துபோய் இறங்கினால், ஆறே உங்களைக் கீழே கொண்டுவரும். காதைத் தண்ணீருக்குள் வைத்துப் பாருங்கள். அடியில் கூழாங்கற்கள் உருளும் சத்தம் சரசரவென்று கேட்கும்.

ஆனால் வெளியே வருவதில்தான் விஷயம் இருக்கிறது. மார்சிலிக் குளிப்பிடத்தில் கரையோரம் சிவப்புக் கைப்பிடிகள் இருக்கின்றன. நேரத்தோடு கரைப்பக்கம் வந்து ஒன்றைப் பிடித்து ஏறவேண்டும். கடைசிப் பிடியையும் விட்டால், கீழே இருப்பது அணைக்கட்டு. நான் கதைத்துச் சிரித்துக்கொண்டு நடுவிலே மிதந்தேன். கரைக்குத் திரும்பியபோது பிந்திவிட்டது. கை பட்டது, வழுக்கியது, ஆறு என்னை இழுத்துக்கொண்டு போனது. மேலே ஏறிவிட்ட தோழி கரையில் ஓடி ஓடிக் கத்தினாள்: "எதிர்த்து நீந்தாதே! கரையோடேயே வா, அடுத்ததைப் பிடி!" அடுத்ததைப் பிடித்தேன். ஏறி இருந்தபோது முழங்கால் இரண்டும் நடுங்கின. அந்த நேரம் மனதில் வந்தது ஒன்றுதான்: நான் இங்கே இருக்கிறேன் என்று அம்மாவுக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டா, "தலை ஏன் நனைஞ்சிருக்கு? ஆத்திலை இறங்கினனியோ?"

எல்லாவற்றையும் சொன்னேன். பேச்சு விழும் என்று காத்திருந்தேன். அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, கிளாலிக் கடலைப் பற்றிச் சொன்னா. 1993இல் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியே வர, ஆனையிறவுப் பாதை மூடியிருந்ததால், சனங்கள் இரவிலே படகில் அந்தக் கடல்நீரேரியைக் கடந்தார்கள். அம்மாவுக்கு அப்போது என் வயது.

"ஒரே இருட்டு. ஒருத்தரும் கதைக்கக் கூடாது. தண்ணி படகிலை அடிக்கிற சத்தம் மட்டும்தான். எனக்கு நீந்தவும் தெரியாது. அக்கரையிலை இறங்கி மூண்டு நாளைக்குப் பிறகுதான் அம்மம்மாவுக்கு நான் உயிரோடை இருக்கிறன் எண்டு தெரியும்."

பிறகு சொன்னா: "நீ நீந்தினதிலை எனக்குக் கோவம் இல்லை, பிள்ளை. எங்கை நிக்கிறாய் எண்டு தெரியாமல் இருந்ததுதான்."

நான் அன்றைக்கு அழுதேன். அம்மா அழவில்லை. போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தா.

இப்போது ஆற்றில் இறங்குமுன் அம்மாவுக்கு ஒரு செய்தி, ஏறியபின் இன்னொன்று அனுப்புவேன். "சரி" என்று ஒரு சொல்லில் பதில் வரும். ஓகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் எங்களோடு வந்தா. தண்ணீரில் இறங்கவில்லை. கட்லட் பெட்டியோடு அந்தச் சிவப்புக் கைப்பிடிக்குப் பக்கத்திலேயே நின்றா. நான் முதல் பிடியிலேயே ஏறிவிட்டேன்.

நீங்களும் இந்தக் கோடையில் ஆற்றுக்குப் போவீர்கள். தனியாக இறங்காதீர்கள். இறங்கும் முன்பே ஏறுமிடத்தைப் பார்த்து வையுங்கள். வீட்டிலும் சொல்லிவிட்டுப் போங்கள். பயத்தில் முதலில் "வேண்டாம்" என்றுதான் சொல்வார்கள். ஏன் பயம் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.